தூரத்துல வார்மின்ட் ஹன்டிங்கா? மொதல்ல பேரல் ட்விஸ்ட்டைப் பாருங்க

லாங் ரேஞ்ச் வார்மின்ட் ஹன்டிங்குக்கு (பயிரை நாசம் பண்ற சின்ன விலங்குகளைத் தூரத்துல இருந்து சுடுறது) கார்ட்ரிட்ஜ் (தோட்டா) தேடுறீங்கன்னா, பாக்ஸ்ல போட்டிருக்க வேகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி ரைபிளோட பேரல் ட்விஸ்ட் என்னன்னு, அதாவது குழாய்க்குள்ள இருக்க சுருள் பள்ளம் எத்தன இஞ்சுக்கு ஒரு முழு சுத்து சுத்துதுன்னு பாத்துருங்க, பல துப்பாக்கில பேரல் மேலயே 1:14, 1:8னு அடிச்சிருக்கும். 1:14னா 14 இஞ்சுக்கு ஒரு சுத்து, 1:8னா 8 இஞ்சுக்கே ஒரு சுத்து, அதாவது வேகமான ட்விஸ்ட்.

நீளமான, வெயிட்டான புல்லட் நிலையா பறக்கணும்னா வேகமா சுத்தணும், அந்த மாதிரி புல்லட்டைத்தான் காத்து கம்மியா தள்ளும். .22-250 ரெமிங்டன்ங்கிற கார்ட்ரிட்ஜ் 55 கிரெயின் (கிரெயின்ங்கிறது புல்லட் எடையோட அளவு) புல்லட்டை .223 ரெமிங்டன்ங்கிற கார்ட்ரிட்ஜை விட நல்ல வேகமா தள்ளும், ஆனா பழைய 1:14 பேரல்ல 55 கிரெயினுக்கு மேல போனா பெரும்பாலும் குண்டுங்க ஒரே எடத்துல விழாம குரூப் சிதறிடும், அதே நேரம் சாதாரண .223 ரெமிங்டன் 1:8 பேரலோட இருந்தா 75 கிரெயின் வரைக்கும் போடலாம், பவுடரும் கம்மி, பேரல் தேய்மானமும் கம்மி. என்னைக் கேட்டா தூரத்துல ஆளைக் குழப்புறது காத்துதான், டிராப்பை, அதாவது புல்லட் கீழ இறங்குறதை, ஸ்கோப்ல டயல் பண்ணி சரி பண்ணிடலாம்.

பேரல்ல நம்பர் இல்லைன்னா, துப்பாக்கி காலியா இருக்குன்னு உறுதி பண்ணிட்டு, கைப்பிடி சுத்துற கிளீனிங் ராடுல டைட்டா ஒரு பேட்ச் (துணித் துண்டு) மாட்டி உள்ள தள்ளுங்க, ராடு ஒரு முழு சுத்து சுத்த எத்தன இஞ்ச் உள்ள போகுதோ அதுதான் ட்விஸ்ட்.

200 யார்டுக்குள்ளதான் சுடுவீங்கன்னா இதெல்லாம் பெருசா பாக்க வேணாம். அதே மாதிரி ரொம்ப மெல்லிசான ஜாக்கெட் (வெளி உலோக உறை) இருக்க லைட் புல்லட்டை வேகமான ட்விஸ்ட்ல முழு வேகத்துல விட்டா பாதி வழியிலேயே சிதறிப் போக வாய்ப்பு இருக்கு, அதுக்கு மெதுவான ட்விஸ்ட்டே நல்லது.