கடலில் நீந்தியது தானாகவே பதிவாக

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கார்மின் கடிகாரம் கட்டிக்கொண்டு நீந்துபவர்களுக்கு: கார்மின் கனெக்ட் செயலியின் செட்டிங்ஸில் கனெக்டட் ஆப்ஸ் பகுதிக்குப் போய் ஸ்ட்ராவாவுக்கு (உடற்பயிற்சிகளைப் பதிந்து மற்றவர்களோடு பகிரும் செயலி) ஒருமுறை அனுமதி கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு நீச்சலும் போனுக்கு வந்ததும் தானாகவே ஸ்ட்ராவாவில் ஏறிவிடும். ஏறவில்லையா? பெரும்பாலும் போனின் பேட்டரி சேவர் செய்யும் வேலைதான். கார்மின் கனெக்ட் செயலியைத் திறந்து வையுங்கள்.

சரி, ஏறுகிற கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டுமே! கடிகாரத்தில் உள்ள பூல் ஸ்விம் முறை நீச்சல் குளத்தின் நீளத்தை வைத்துச் சுற்று எண்ணும். கடலில் சுவர் ஏது? திறந்த நீருக்கான ஓப்பன் வாட்டர் முறையைத் தெரிவு செய்யுங்கள். ஜிபிஎஸ் சிக்னல் தண்ணீருக்குள் வராது. கை மேலே எழும் நொடிகளில்தான் கடிகாரம் இடத்தைப் பிடிக்கிறது. ஆகவே மணலில் நிற்கும்போதே சிக்னல் கிடைக்கும்வரை பொறுத்து, பிறகு ஸ்டார்ட்டை அழுத்துங்கள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் கை தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் வரைபடத்தில் கோடு கண்டபடி வளையும், தூரமும் பிசகும். இடுப்பில் கட்டி இழுக்கும் மிதவைப் பையில் கடிகாரத்தைப் போட்டால் கோடு நேராகும். ஆனால் இதயத் துடிப்பும் கைவீச்சு எண்ணிக்கையும் போய்விடும். நான் கையிலேயே கட்டுவேன். மிதவை மட்டும் எப்படியும் வேண்டும், படகுக்காரர் கண்ணுக்கு வெறும் தலை தெரியாது.

கரையேறியதும் நிறுத்திச் சேமியுங்கள். மறந்தால் வீடு வரை ஓடிய மோட்டார் சைக்கிளும் நீச்சல் கணக்கில் சேரும். கடற்கரையோரம் வீடு என்றால், ஸ்ட்ராவாவின் பிரைவசி பகுதியில் தொடங்கும், முடியும் இடங்களை மறைத்துவிடுங்கள்.