எஞ்சின் விளக்கு எரிந்தால் செய்யக்கூடாதவை

கடந்த வாரம் ஹட்டனில் உள்ள எங்கள் கராஜில், புதிதாகச் சேர்ந்த பையன் எஞ்சின் விளக்கு எரிந்த ஒரு காரில், காரின் கணினி பதிந்துவைக்கும் கோளாறுக் குறியீட்டை (கோட்) வாசிக்கும் ஸ்கேனரைச் செருகி, திரையில் வந்த பாகத்தின் பெயரை வாசித்த கையோடு உதிரிப்பாகக் கடைக்கு அழைப்பெடுத்தான். நானும் தொழில் பழகிய நாட்களில் அதையேதான் செய்தேன். பெற்றோல் மூடியைச் சரியாக இறுக்குங்கள் என்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோட் சொல்லும் பாகத்தை உடனே மாற்றுவது

தலவாக்கலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 1500 சி.சி. ஜப்பானியக் காரொன்றைக் கொண்டுவந்தார். கோட் பி0171. காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்பதே அதன் பொருள். அந்தக் கலவையை அளப்பது ஒட்சிசன் சென்சர் என்பதால் அதுதான் பழுது என்று முடிவுகட்டி, கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து புதியதொன்றை வரவழைத்துப் பூட்டி, கோட்டையும் அழித்துவிட்டேன். விளக்கு அணைந்தது. மூன்றாம் நாள் நானுஓயா ஏற்றத்தில் மீண்டும் எரிந்தது. பிறகு பெற்றோல் பம்பை மாற்றினேன். அதற்கும் அவர் முகம் சுளிக்காமல் பணம் கொடுத்தார். இன்றும் எனக்கு உறுத்துவது அதுதான்.

உண்மையில் பழுதாகியிருந்தது எயார் ஃபில்டர் பெட்டியிலிருந்து, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலுக்குச் செல்லும் ரப்பர் குழாய். அதன் மடிப்பொன்றின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. கார் நிற்கும்போது அது மூடியே கிடந்ததால் கராஜில் எதுவும் தெரியவில்லை. சக்கரங்களுக்குக் கல் வைத்து, உதவியாளர் பிரேக்கை மிதித்தபடி கியரில் மெல்ல அக்சிலரேட்டரை அழுத்தியபோது எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய, வெடிப்பு வாய் பிளந்தது. ஏற்றத்தில் நடந்ததும் இதுவே. உள்ளே வரும் காற்றை அளக்கும் எயார் ஃப்ளோ சென்சரைக் கடந்தபின் நுழையும் அந்தக் காற்றைக் கணினி அறியாது. அளந்த காற்றுக்கு மட்டும் எரிபொருள் கொடுக்கும். புகையில் ஒட்சிசன் மிஞ்சுவதை ஒட்சிசன் சென்சர் சரியாகவே அறிவித்திருக்கிறது. உண்மையைச் சொன்ன பாகத்தைத்தான் நான் கழற்றி எறிந்திருக்கிறேன்.

இந்தக் கோட் வந்தால் முதலில் ஸ்கேனரில் ஃபியூவல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிசெய்யக் கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற அளவைப் பாருங்கள். பத்து சதவீதத்துக்குள் கூடிக்குறைவது வழமை. எஞ்சின் சும்மா ஓடும்போது உயர்ந்திருந்து, நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ஏற்றியதும் இறங்கினால், த்ரொட்டிலுக்குப் பின்னால் எங்கோ காற்றுக் கசிகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வேகமும் சுமையும் கூடக்கூட ட்ரிம்மும் ஏறினால் பெற்றோல் அழுத்தத்தையோ, அழுக்கடைந்த எயார் ஃப்ளோ சென்சரையோ சந்தேகியுங்கள். என் கதையில் வந்ததைப் போல எஞ்சின் சாயும்போது திறக்கும் வெடிப்பும் இப்படியே காட்டக்கூடும்.

வாசிக்கும் முன் கோட்டை அழிப்பது

கோட் பதிவான கணத்தில் இருந்த வேகம், எஞ்சின் சுற்று, சுமை, கூலன்ட் வெப்பம் ஆகியவற்றைக் கணினி ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று சேமித்து வைக்கிறது. ஆசிரியரின் காரில் அதைப் பார்த்திருந்தால், ஏற்றத்தில் சுமை கூடிய நேரத்தில் வந்த கோளாறு என்பது அன்றே விளங்கியிருக்கும். நான் பார்க்காமலே அழித்தேன். பேட்டரி வயரைக் கழற்றினாலும் பெரும்பாலான கார்களில் இதே கதிதான்.

விளக்கு மின்னும்போது ஓட்டுவது

நிறுத்துங்கள். விளக்கு மின்னினால், சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியவில்லை என்று பொருள்; அந்த எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கன்வேர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கிவிடும்.

எஞ்சினைக் கழுவிய கையோடு ஸ்கேன் செய்வது

முதலில் காயட்டும்.

மலையின் மேல் பழி போடுவது

உயரம் கூடினால் காற்று குறையும், அதனால்தான் விளக்கு எரிகிறது என்று எங்கள் பக்கத்தில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் எண்பது சதவீதம். கார்புரேட்டர் காலத்தில் அது தொல்லை தந்தது உண்மையே. இன்றைய கார்களில் அந்தக் குறைவைக் கணினி தானே ஈடுசெய்து கொள்கிறது. மலைதான் காரணம் என்று சொல்லி ஓராண்டாக விளக்கோடு ஓட்டிய ஒருவரின் காரில் எயார் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே எலிக்கூடு ஒன்றும், எயார் ஃப்ளோ சென்சரின் மெல்லிய கம்பியில் சுற்றிய பஞ்சும் இருந்தன.