எளிதாகக் கிழியும் ஃபிலிம் செய்ய

மூட்டுவலியுள்ள என் அம்மா ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துத் திறப்பதைப் பார்த்த பிறகுதான் பொட்டலம் செய்யும் பிளாஸ்டிக் ஃபிலிமின் கிழிதிறனைக் கவனிக்கத் தொடங்கினேன்.

ஃபிலிமின் உள் அடுக்கில் எல்எல்டிபிஇ என்ற பாலித்தீன் வகையைக் குறையுங்கள். அது கிழியாமல் இழுபடும். எல்டிபிஇ என்ற இன்னொரு பாலித்தீன் வகையுடன் சைக்ளிக் ஓலிஃபின் கோபாலிமர் என்ற விறைப்பான பிளாஸ்டிக்கைக் கலந்தால் கிழிசல் நேர்கோட்டில் ஓடும். விலை கூடுதல்தான், வலிக்கும் விரல்களுக்காக அதைச் செலவிடலாம். கலவை மாறுவதால், விளிம்பைச் சூடாக்கி ஒட்டும் சீல் வெப்பநிலையை மறுபடி சரிபாருங்கள்.

கிழிக்கத் தேவையான விசையை அளக்கும் எல்மெண்டார்ஃப் கருவியில், ஐஎஸ்ஓ 6383-2 என்ற சர்வதேசத் தர முறைப்படி நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் தனித்தனியே சோதியுங்கள். கிழிய வேண்டிய திசையில் எண் குறைவாக வர வேண்டும்.

சீல் விளிம்பில் சிறு வெட்டு இடுங்கள். அது சீலைத் தாண்டி உள்ளே போனால் எண்ணெய் கசியும்.

கடைசியாக, எண்ணெய் பட்ட விரல்களால் 10 பொட்டலங்களைக் கிழித்துப் பாருங்கள். நான் அம்மாவிடமும் கொடுத்துப் பார்க்கிறேன்.