பழைய மீன்பிடிப் படகு வாங்குமுன்

ரொறன்ரோவிலிருந்து சிம்கோ ஏரிக்குக் குடும்பத்தோடு போகப் பழைய ஃபைபர் படகு தேடுகிறீர்களா? முதலில் மோட்டார் மாட்டியிருக்கும் பின்பலகையைப் பாருங்கள். வெளியே பளபளத்தாலும் உள்ளே மரம் ஊறியிருக்கலாம். சுத்தியல் பிடியால் தட்டினால் ‘டக் டக்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். மோட்டாரின் அடிப்பகுதியைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். பலகை வளையக் கூடாது. நடக்கும்போது தரையும் அமுங்கக் கூடாது. கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. நீங்கள் வருமுன் எஞ்சினை ஓடவிட வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகிறதா என்பதுதான் முக்கியம். அப்புறம், எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகில் இருக்கும் தகட்டில் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பக்கச்சுவர் உயரமான படகே நல்லது.