அழுகையின் உச்சத்தில் பாடம் நடத்தாதீர்கள்

சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி நாம் வீடு சேரும் நேரமும், டேகேரில் பகலெல்லாம் அடங்கியிருந்த பிள்ளை வெடிக்கும் நேரமும் பெங்களூரில் பெரும்பாலும் ஒன்றுதான். பசி, தூக்கம், ஏக்கம் மூன்றும் கூடிவரும் மாலை வேளை அது. புத்திமதி சொல்ல நாம் தேர்ந்தெடுப்பதும் அந்த வேளையைத்தான்.

உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகும். மூன்று வயதில் கோபம் தலைக்கேறியிருக்கும்போது சொல்லும் நியாயம் காதில் விழும், உள்ளே இறங்காது. எனவே முதலில் தரையில் உட்காருங்கள். குரலைத் தாழ்த்தி, "பார்க்ல இருந்து கிளம்பினது பிடிக்கல, கோபமா இருக்கு" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அடிக்க வந்தால் கையை மெதுவாகப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன்" என்றால் போதும். தொட்டாலே திமிறும் குழந்தையென்றால் கையெட்டும் தூரத்தில் இருங்கள். மற்ற பேச்செல்லாம் வயிற்றுக்கு ஏதாவது போன பிறகு.

"ஏன்டா அழற?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் வீண். காரணம் அதற்கே தெரியாது. "பசிக்குதா, தூக்கம் வருதா?" என்று இரண்டைச் சொல்லிக் கேட்டால் தலையாவது ஆட்டும்.

குழந்தை இடித்துக்கொண்டதும் மேசையை 'அடி, அடி' என்று அடித்துச் சமாதானம் செய்வது நம் வீடுகளின் பழைய வழக்கம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் வலித்தால் எதிரில் இருப்பதை அடிக்கலாம் என்றுதான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. மறுநாள் பள்ளியில் பக்கத்துப் பிள்ளைக்கு அறை விழும். இடித்த இடத்தைத் தடவி, "வலிக்குதா?" என்று கேளுங்கள்.

'போலீஸ்காரர் பிடிச்சிட்டுப் போயிடுவார்' என்ற மிரட்டல் அழுகையை நிறுத்தும், பயத்தை விட்டுவைக்கும். மெஜஸ்டிக் பேருந்து நிலையக் கூட்டத்தில் தொலைந்துபோனால் அந்தக் குழந்தை யாரிடம் உதவி கேட்கும்?

அழுதவுடன் செல்போன் கொடுத்தாலும் சத்தம் அடங்கும். கொதிப்பு தானாக இறங்குவதைப் பழகும் வாய்ப்புதான் போய்விடுகிறது. 2 முதல் 4 வயதுவரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2019). ஐந்து முறை மறுத்து ஆறாவது முறை கொடுப்பது இன்னும் மோசம்: ஆறு முறை அழ வேண்டும் என்ற கணக்கு பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். அந்த ஆறாவது முறை பெரும்பாலும் பாட்டி கையால் நடக்கும். எந்த இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதில்லை என்று பெரியவர்கள் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

மூச்சுப் பயிற்சியை அழும்போது ஆரம்பித்தால் எரிச்சல்தான் கூடும். சாப்பாட்டு நேரத்தில் விளையாட்டாகப் பழக்குங்கள்: மல்லிகையை மோந்து பார்ப்பதுபோல் மூக்கால் இழுத்து, சூடான ரசத்தை ஆற்றுவதுபோல் வாயால் நிதானமாக ஊத வேண்டும். வெளிமூச்சு நீளமாக இருக்கட்டும், உடம்பைத் தணிப்பது அதுதான். தினம் நான்கைந்து தடவை போதும்.

பள்ளியில் ஆங்கிலம், விளையாட்டுத் திடலில் கன்னடம் என்று வளரும் நம் பிள்ளைகளுக்கு 'சேட்', 'ஆங்ரி' தாண்டி உணர்ச்சிச் சொற்கள் குறைவு. ஏமாற்றம், பொறாமை, ஏக்கம், வெட்கம் ஆகியவற்றை நடக்கும்போதே தமிழில் பெயரிட்டுச் சொல்லுங்கள். கோபமும் பயமும் கன்னடத்திலும் ஏறத்தாழ அதே சொற்கள்தான், ஆயாவுக்கும் புரியும்.

ஆர்ப்பாட்டம் அடிக்கடி கால் மணி நேரத்துக்கு மேல் நீண்டாலோ, தலையை முட்டித் தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, ஐந்து வயதுக்குப் பிறகும் குறையாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஓசூர் சாலையில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிமான்ஸில் குழந்தைகளுக்கெனத் தனி மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.