பிள்ளை வாசிக்க, வீடு கேட்க: ஆரம்பப் பாடசாலைக்கு வார மடல் தயாரிப்பது எப்படி?

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். "டீச்சர், வாரா வாரம் பெற்றோருக்கு ஒரு செய்தி மடல் அனுப்புவோமே, நீங்களே பாத்துக்கங்க" என்று அதிபர் பொறுப்பை உங்களிடம் தந்திருக்கலாம். கணினி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு ஏ4 தாள், ஒரு கறுப்புப் பேனா, டவுனில் ஒரு போட்டோ கொப்பிக் கடை இருந்தால் தொடங்கிவிடலாம்.

பேனாவை எடுக்குமுன் ஒன்றை யோசியுங்கள். இந்த மடலை வீட்டில் வாசிக்கப்போவது யார்? அம்மா காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு) போய், மலையில் கொழுந்தெடுத்து, அந்தி நிறுவை முடித்து வீடு வரும்போது இருட்டத் தொடங்கிவிடும். பல வீடுகளில் அம்மாவுக்குக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை. பிள்ளையை அம்மாயியோ அப்பாயியோதான் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களில் நிறையப் பேருக்கு வாசிப்பது கஷ்டம். ஆகவே மடலைச் சத்தமாக வாசிப்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான். தரம் 3 பிள்ளை தடங்காமல் வாசிக்கிற மாதிரி எழுதினால் வீடே கேட்கும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றை வைத்துத்தான்.

1. ஒரு சீஆர் கொப்பி போடுங்கள்

ஆசிரியர் ஓய்வறை மேசையில் ஒரு கொப்பியை வையுங்கள். ஓய்வறையே இல்லாத பாடசாலை என்றால் அதிபர் மேசையில் வைக்கலாம். ஒவ்வொரு வகுப்பாசிரியரும் புதன்கிழமைக்குள் இரண்டே வரி எழுத வேண்டும்: இந்த வாரம் வகுப்பில் என்ன நடந்தது, அடுத்த வாரம் பிள்ளை என்ன கொண்டுவர வேண்டும். யாரையும் கட்டுரை கேட்காதீர்கள், கேட்டால் கொப்பி வெறுமையாகத்தான் இருக்கும். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்களையும் அதே கொப்பிக்குள் மடித்து வையுங்கள். சில சுற்றறிக்கைகள் சிங்களத்தில் வரும். அவற்றைப் போட்டோ எடுத்து அப்படியே பெற்றோருக்கு அனுப்பாமல், சிங்களம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வாசித்து, வீட்டுக்குத் தேவையான இரண்டு வரியைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. திகதிகளைத் தோட்டத்து நாட்காட்டியோடு ஒப்பிடுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பாடசாலை நாட்காட்டியில் சரியாகத் தெரிகிற திகதி தோட்டத்தில் சரிவராமல் போகும்.

முதலில் சம்பள நாள். தோட்டத்தில் மாதச் சம்பளம் பத்தாம் திகதியளவில் கைக்கு வரும். சுற்றுலாக் காசு, விளையாட்டுப் போட்டி உடுப்புக் காசு என்று எதையாவது மாதக் கடைசியில் கேட்டால், தர முடியாத வீட்டுப் பிள்ளை அடுத்த நாள் பாடசாலைக்கே வராது. கடைசித் திகதியைப் பன்னிரண்டு, பதின்மூன்று என்று தள்ளிப் போடுங்கள். நூறு ரூபாயாக இருந்தாலும் இதைப் பாருங்கள். காசு கேட்கிற விடயத்தை அதிபரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே மடலில் போடுங்கள்.

அடுத்தது கூட்டங்கள். வேலை நாளில் பெற்றோர் கூட்டம் வைத்தால் வருகிறவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போய்விடும். ஞாயிற்றுக்கிழமையோ போயா தினமோ வைக்க முடியுமா என்று அதிபரிடம் கேளுங்கள். முடியாவிட்டால், எத்தனை மணிக்கு முடியும் என்பதையாவது மடலில் தெளிவாகப் போடுங்கள்.

அப்புறம் கோயில். மாரியம்மன் திருவிழா எந்த வாரம், மாசியில் காமன் கூத்து எந்த டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) என்று கோயில் தலைவரிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். விடிய விடியக் கூத்துப் பார்த்த பிள்ளைக்கு மறுநாள் கணிதப் பரீட்சை வைத்து என்ன பயன்?

வருடத்தில் மிகவும் நெருக்கடியான காலம் செப்டெம்பர் கடைசியும் ஒக்டோபர் தொடக்கமும். ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம், நவராத்திரியை ஒட்டி வாணி விழா, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். மூன்றுக்கும் தனித்தனியாக மடலில் கேட்டால் வீடு தாங்காது. மூன்றையும் ஒரே இதழில் சொல்லி, எதற்கு என்ன தேவை, எதற்கு ஒன்றுமே தேவையில்லை என்று பிரித்துக் காட்டுங்கள். "ஆசிரியர் தினத்துக்குப் பரிசு எதுவும் வாங்க வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்தால் பல அம்மாமார் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

சுகாதாரத் திகதிகளையும் மறக்க வேண்டாம். பாடசாலை மருத்துவப் பரிசோதனை ஆரம்பப் பிரிவில் தரம் 1, தரம் 4 பிள்ளைகளுக்கு நடக்கும். 200 பிள்ளைகளுக்குக் குறைவான சிறிய பாடசாலைகளில் எல்லாத் தரத்துக்கும் நடக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நாள் சொன்னதும் மடலில் போடுங்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கொடுத்துவிடும்படியும் எழுதுங்கள். அது பெரும்பாலும் பெட்டிக்குள் அடியில் இருக்கும், தேடி எடுக்க ஒரு ஞாயிறு வேண்டும்.

3. அறிவித்தலைப் பேசுகிற மாதிரி எழுதுங்கள்

நமக்குக் கைவந்த அறிவித்தல் நடை இப்படித்தான் இருக்கும்:

"பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பொதுக்கூட்டம் எதிர்வரும் 14ஆம் திகதி மு.ப. 10.00 மணியளவில் பிரதான மண்டபத்தில் நடைபெறவிருப்பதால், பெற்றோர்கள் அனைவரும் தவறாது சமூகமளிக்குமாறு வினயமாகக் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்."

இதைத் தரம் 3 பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். "சமூகமளிக்குமாறு" என்ற இடத்தில் நின்றுவிடும். அதையே இப்படி எழுதலாம்:

"வரும் ஞாயிறு, 14ஆம் திகதி, பெற்றோர் கூட்டம். காலை 10 மணிக்குத் தொடங்கும். 11 மணிக்கு முடியும். பெரிய வகுப்பறையில் நடக்கும். வீட்டிலிருந்து ஒருவர் வந்தால் போதும். கைப்பிள்ளையைக் கூட்டி வரலாம். காசு தேவையில்லை."

ஒரு வரிக்கு ஒரு விடயம். கிழமையும் திகதியும் இரண்டும் வர வேண்டும், ஏனென்றால் பாட்டிமார் கிழமையை வைத்துத்தான் நாள் கணக்குப் பார்ப்பார்கள். "மு.ப., பி.ப." வேண்டாம், காலை, பின்னேரம் என்றே எழுதுங்கள். கடைசி வரியில் காசு எவ்வளவு, அல்லது காசு இல்லை என்பது கட்டாயம் இருக்கட்டும். எழுதி முடித்ததும் வகுப்பில் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தடங்கிய சொல்லை அங்கேயே மாற்றிவிடுங்கள். இந்தப் பரிசோதனையை ஒரு வாரம்கூட விட வேண்டாம்.

4. செய்தியில் ஒரு காட்சி இருக்கட்டும்

அறிவித்தல் மட்டும் உள்ள மடலைப் பிள்ளை ஆசையாக வாசிக்காது. "தரம் 2 மாணவர்கள் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் சிறப்பாக ஈடுபட்டனர்" என்றால் வீட்டுக்கு எதுவும் தெரியாது. என்ன நடந்தது என்று பக்கத்தில் போய்ப் பார்த்து எழுதுங்கள்:

"தரம் 2 பிள்ளைகள் யோகட் கப்பில் போஞ்சி விதை போட்டார்கள். ஜன்னலோரம் வைத்த கப்பில் முதலில் முளைத்தது. அலுமாரிக்குப் பின்னால் இருந்த கப்பில் செடி வெளிறி, நீளமாக வளைந்து வந்தது. ஏன் என்று வீட்டில் உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்."

கடைசி வரியைக் கவனியுங்கள். அப்பாவுக்குப் பிள்ளையிடம் பேச ஒரு விடயம் கிடைத்துவிட்டது. மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்கிற அப்பா என்றால் பதில் அவருக்கே தெரியும். பிள்ளைக்கு மேலும் பத்து விடயம் சொல்லிக்கொடுப்பார். வாரத்துக்கு இப்படி ஒரு செய்தி போதும். தரம் 1 முதல் 5 வரை முறை வைத்து எழுதினால் எந்த வகுப்பும் விடுபடாது.

5. எழுதக் கூடாதவை

காசு கட்டாத பிள்ளைகளின் பெயர், பிந்தி வருகிறவர்களின் பெயர் மடலில் வரவே கூடாது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளிகளைப் பட்டியலாகப் போடாதீர்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் சுவருக்குச் சுவர் வீடு. பக்கத்து வீட்டுப் புள்ளியோடு ஒப்பிட்டே அந்தப் பிள்ளையை நோகடிப்பார்கள். பரீட்சை எழுதிய எல்லோரையும் வாழ்த்துங்கள், அது நியாயம்.

போட்டோ போடுவதாக இருந்தால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். முகத்தோடு முழுப்பெயர், டிவிஷன், லய இலக்கம் மூன்றையும் சேர்த்து வெளியிடுவது ஆபத்து. வட்ஸ்அப்பில் போன படம் எங்கெல்லாம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கைகள் செய்கிற வேலையை மட்டும் எடுத்த படமே நல்ல படம்தான்.

6. மாறாத ஒரு கட்டம்

மடலின் அடியில் ஒவ்வொரு வாரமும் ஒரே இடத்தில் ஒரு சிறிய கட்டம் போடுங்கள். பாடசாலைத் தொலைபேசி இலக்கம், சுவசெரிய அம்பியூலன்ஸ் 1990, சிறுவர் பாதுகாப்புக்கு 1929, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

மழைக்காலத்தில் இந்தக் கட்டம் பெரிதாக வேண்டும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளைப் பக்கம் வருடக் கடைசியில் வடகீழ்ப் பருவமழை. இரண்டுக்கும் நடுவே ஒக்டோபர், நவம்பர் மழை எல்லா மலையையும் நனைக்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்கள் புதைந்ததை இந்த மலைகளில் யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையின் நிறங்களை வீட்டுச் சொல்லில் எழுதுங்கள்: மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். பாடசாலை திடீரென மூடப்பட்டால் செய்தி எப்படி வரும், பிள்ளையை யார் வந்து கூட்டிப்போவது என்பதையும் சேருங்கள். தரம் 1, 2 பிள்ளைகள் தனியாக நடந்து போகக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

7. தட்டச்சும் பிரதியும்

கையால் எழுதினால் பெரிய எழுத்தாக, வரிக்கு வரி இடம் விட்டு எழுதுங்கள். கணினியில் அடித்தால் ஒரு எச்சரிக்கை: நம் பாடசாலைகளில் பழைய கணினிகளில் பெரும்பாலும் பாமினி எழுத்துருதான் இருக்கும். அதில் அடித்ததை அப்படியே வட்ஸ்அப்பில் ஒட்டினால் பெற்றோரின் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பித் தெரியும். ஆகவே யுனிக்கோட் தமிழில் அடியுங்கள், அல்லது பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள். போனிலேயே தமிழ் விசைப்பலகையைப் போட்டு அடிப்பது இன்னும் சுலபம்.

செலவைக் குறைக்க, மடலை அரை ஏ4 அளவுக்குள் அடக்கி, ஒரே தாளில் இரண்டு பிரதி எடுத்து நடுவே வெட்டுங்கள். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்தால் மூத்த பிள்ளையிடம் ஒன்று கொடுத்தால் போதும்.

8. வெள்ளிக்கிழமை கொடுங்கள்

வெள்ளி கொடுத்தால் ஞாயிறு வீட்டில் ஆள் இருக்கும், வாசிக்க நேரம் இருக்கும். மழைநாளில் பொலித்தீன் பையில் போட்டுக் கொடுங்கள். ஒரு பிரதியைப் பிரட்டுக்களத்தில் ஒட்டக் கணக்கப்பிள்ளையிடம் கேளுங்கள், மறுக்க மாட்டார். பிள்ளைக்காம்பராவிலும் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்திலும்) தோட்டத்துக் கடையிலும் ஒன்று ஒன்று.

எல்லா வீட்டிலும் டேட்டா இருக்காது, ஆகவே வட்ஸ்அப்பை மட்டும் நம்ப வேண்டாம். ஆனால் வெளியூரில் இருக்கிற அம்மாவுக்கு அதுதான் வழி. மடலைப் பிள்ளைகளில் ஒருவர் வாசிக்க, ஒரு நிமிடக் குரல் பதிவாகக் குழுவில் போட்டுப் பாருங்கள். எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் அது போய்ச் சேரும்.

9. துண்டு வைத்துப் பதில் வாங்குங்கள்

மடலின் அடியில் கிழிக்கக்கூடிய ஒரு துண்டு: "வாசித்தோம்" என்று ஒரு கட்டம், "கேள்வி இருக்கிறது" என்று இன்னொரு கட்டம். கையொப்பம் கட்டாயம் வேண்டாம். பிள்ளை சரி அடையாளம் போட்டாலே போதும். திங்கட்கிழமை துண்டுகளை எண்ணுங்கள். ஒரு டிவிஷனிலிருந்து ஒன்றுமே வரவில்லை என்றால் அங்கே மடல் போய்ச் சேரவில்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் நேரே விசாரியுங்கள். கேள்வி இருக்கிறது என்று வந்த வீட்டுக்கு அந்த வாரமே பதில் சொல்லுங்கள். பலருக்கும் பொதுவான கேள்வி என்றால் பதிலை அடுத்த மடலில் முதல் செய்தியாகப் போடுங்கள்.

தவணை முடிகிற வாரத்து இதழில் மட்டும், அடுத்த தவணை தொடங்கும் திகதியை மேலே பெரிதாக எழுதி, "இதைச் சுவரில் ஒட்டி வையுங்கள்" என்று சொல்லுங்கள்.