பாட்டி நகையை வைத்துக்கொள்வதா, விற்பதா?

கருமாதி முடியும்வரை பீரோவைத் திறக்க வேண்டாம். வரி கட்ட விற்க வேண்டுமே என்ற கவலையும் வேண்டாம். சிங்கப்பூரில் 2008 பிப்ரவரி 15 முதல் மரண வரி இல்லை. முதலில் பொருள் யாருக்குச் சேரும் என்று பாருங்கள். உயில் எழுதாமல் போயிருந்தால், முஸ்லிம் அல்லாத குடும்பங்களில் கணவர் அல்லது மனைவிக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. கட்டிக்கொடுத்த மகளுக்கும் அதே பங்குதான். சொத்தைப் பிரிக்க அனுமதிக்கும் நீதிமன்ற ஆணை வருமுன் ஒருவர் மட்டும் எடுத்துப்போய் விற்றால் தீராத மனக்கசப்பு அங்கேதான் தொடங்கும்.

அடுத்து, ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்து, எடை போட்டு எழுதுங்கள். சமையலறைத் தராசு போதாது, 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும்.

பழைய கெம்பு அட்டிகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தராசில் 40 கிராம் காட்டும். கல்லும் உள்ளே அடைத்த அரக்கும் 9 கிராம் என்றால் தங்கம் 31 கிராம்தான். 916 மாற்று, அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்றால் அதில் சுத்தத் தங்கம் 28.4 கிராம். ஆனால் ஆசாரி கையால் பற்றவைத்த நகையில் பற்றவைக்கும் பொடி அதிகம் சேர்ந்து மாற்று 880க்கு இறங்கியிருக்கலாம், அப்போது 27.3 கிராம்தான். கடையின் எக்ஸ்ரே இயந்திரம் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். வெள்ளியில் முலாம் பூசிய கோயில் நகையைக்கூடத் தங்கம் என்று காட்டிவிடும், அதனால் பின்பக்கத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். விற்குமுன் பளபளப்பாக்க நினைத்துத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். கல்லுக்கு அடியிலுள்ள தகடு கறுத்தால் கெம்பு மங்கிவிடும்.

சிராங்கூன் சாலையில் ஒரே நாளில் மூன்று கடைகளில் விலை கேளுங்கள். பழையதைக் கொடுத்துப் புது நகையாக மாற்றிக்கொண்டால் கூடுதல் விலை என்பார்கள். புது நகையின் செய்கூலியையும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். எடையும் விலையும் எழுத்தில் வரும்வரை உருக்கச் சம்மதிக்காதீர்கள்.

அறுந்த சங்கிலி, ஒற்றைத் தோடு, நெளிந்த வளையல் ஆகியவற்றைத் தாராளமாக விற்கலாம். கைவேலை அட்டிகையை எடைக்குப் போடாதீர்கள். அந்த வேலைக்கு ஒரு காசும் கிடைக்காது, இனி அப்படிச் செய்து வாங்குவதும் எளிதல்ல. வேண்டுமென்பவர் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு அன்றைய தங்க விலையில் பங்கைக் கொடுக்கட்டும். காசுமாலை என்றால் காசுகளைப் பிரித்தே கொடுக்கலாம்.

பணமுடைதான் காரணம் என்றால் விற்காமல் அடகு வையுங்கள். உரிமம் பெற்ற கடையில் வட்டி மாதத்துக்கு 1.5 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. 2,000 வெள்ளிக்கு ஆறு மாதத்தில் 180 வெள்ளி. தவணை தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள், தவறினால் நகை போய்விடும்.

யானைத் தந்தச் சிமிழோ சிலையோ இருந்தால் விற்க முடியாது. 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே அதன் விற்பனைக்குத் தடை, வீட்டில் வைத்திருக்கலாம். பித்தளைக் குத்துவிளக்கு எடைக்குப் போட்டால் சொற்பம், ஏற்றப் போகிறவர் எடுத்துக்கொள்ளட்டும். பழைய நாணயத்தைத் துலக்காதீர்கள், துலக்கினால் மதிப்பு விழும்.

கிட்டங்கிக் (செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய இடம்) கணக்கேடு, பழைய கடவுச்சீட்டு, கப்பல் சீட்டு கிடைத்தால் குப்பையில் போடுமுன் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்திடம் கேளுங்கள். எல்லாவற்றையும் ஏற்கமாட்டார்கள், யார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு வந்தார் என்ற விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.